மிச்சமிருந்த லீவு

மார்ச் 9

மிளகின் அப்பாவுக்கு,

நேற்றுத்தான் போனில் பேசினோம். நீங்கள் "சாப்பிட்டாச்சா" என்றீர்கள், நான் "ஆச்சு" என்றேன். நான் "வேலை எப்படி" என்றேன், நீங்கள் "போகுது" என்றீர்கள். பிறகு போனை மிளகிடம் கொடுத்தேன். அவளும் "ஆச்சு", "போகுது" என்று சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் இருக்கிறது என்று திருப்பித் தந்தாள். அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் இங்கே மகள் பக்கத்தில் இருப்பாள், அங்கே உங்கள் அறையில் ஐந்து பேர் இருப்பார்கள், நீங்கள் "ம்" என்பீர்கள். வெறும் "ம்" என்று தாளில் எழுதி யாரும் தபால் தலை ஒட்ட மாட்டார்கள். அதனால்தான்.

உங்கள் அறையில் மேல்கட்டிலில் படுப்பவரின் மாமனார் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வர ஆரம்பித்திருக்கிறார். வாய் ஓயாமல் பேசுவதால் நீங்கள் 'ரேடியோ' என்று பெயர் வைத்தீர்களே, அவருடைய மாமனார். கூட வந்த ரேடியோவின் மனைவி, நான் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு இப்போ உடம்பு தேவலையா? லீவு முடியறதுக்கு முன்னாடியே வெளிநாடு திரும்பிட்டாராமே. வந்ததுலேர்ந்து ரூம்லயே படுத்துக் கிடந்தார்னு இவர் சொன்னார்."

"காய்ச்சல். இப்போ பரவாயில்ல" என்றேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

என்னிடம் நீங்கள் சொன்னது வேறு. அவசர வேலை, கம்பெனி கூப்பிட்டுவிட்டது, போயே ஆக வேண்டும் என்றீர்கள். அந்தக் கடைசி வாரத்துக்கு நான் லீவு போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கிளம்பிய பிறகு அதை ரத்து செய்யக்கூடத் தோன்றாமல் வீட்டிலேயே இருந்தேன். மின்விசிறிகளைத் துடைத்தேன்.

இரண்டு நாள் தப்பாகவும் நினைத்துப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. வேறொருத்தியைத் தேடிப் போகிற ஆளுக்குக் கொஞ்சமாவது அவசரம் இருக்கும். நீங்கள் பெட்டியைப் பூட்டவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டீர்கள்.

என்ன காரணம் என்று எழுதுங்கள். மிளகு ஏதாவது சொன்னாளா? அவள் "அப்பா எப்போ போவாங்க" என்று என்னிடம் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா? அவள் படிக்கிற மேஜைமேல் உங்கள் பெட்டி இருந்தது. மேஜை வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். குழந்தைதானே.

பதில் எழுதும்வரை போனில் இதைப் பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுங்கள்.

நான்.


மார்ச் 27

மிளகின் அம்மாவுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனி கூப்பிடவில்லை. அது பொய். வேறு யாரும் இல்லை. மிளகு கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் அதனால் கிளம்பவில்லை. கேட்டதும் ஒன்றும் ஆகவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் சந்தோஷம் வரும் என்று இருந்தேன். ஏர்போர்ட்டில் உங்கள் இருவரையும் பார்த்தேன். வரவில்லை. களைப்பாக இருக்கும், தூங்கி எழுந்தால் வரும் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். மிளகு தான் வரைந்த படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். "நல்லா இருக்கு" என்றேன். மேனேஜருக்குப் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அது என் காதுக்கே கேட்டது. அவளும் அடுத்த படத்தைக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூட உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறை "இது உங்க வீடுதான்" என்றாய். ஆமாம் என்றேன்.

இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். கிளம்பினேன். விமானத்தில் உட்கார்ந்ததும் நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இங்கே வந்து படுத்தேன். கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் திரைபோலக் கட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு தலையணை, ஒரு சார்ஜர், மிளகின் பழைய போட்டோ. யாரும் எதுவும் கேட்பதில்லை. ரேடியோ மட்டும் திரையை விலக்கி, சோறு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். லீவு முடிந்ததும் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டேன்.

திட்ட வேண்டுமென்றால் திட்டு. போனில் திட்டினாலும் சரி.

— நான்


ஏப்ரல் 14

மிளகின் அப்பாவுக்கு,

நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து ஓடினீர்களாம். நீங்கள் வந்த இரண்டாம் நாளே எனக்குத் தெரியும். துண்டைக் கொடியில் போடாமல் நான்காக மடித்து உங்கள் பெட்டிமேல் வைத்தீர்கள். சொந்த வீட்டில் யாரும் ஈரத் துண்டை மடிக்க மாட்டார்கள்.

தெரிந்தும் நான் ஏன் கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? கேட்டால் என் பக்கமும் சொல்ல வேண்டி வரும். ஏர்போர்ட்டில் உங்களைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? காரில் பெட்டி பிடிக்குமா, வரும் வழியில் காய்கறி வாங்க நேரம் இருக்குமா. அவ்வளவுதான். நீங்கள் திரும்பிப் போன அன்று வீட்டுக்கு வந்து, தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கினேன்.

ஒரே வித்தியாசம், உங்களுக்கு அது வந்தபோது திரை கட்டிப் படுக்க ஒரு கட்டில் இருந்தது. எனக்கு வந்தால் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். காலையில் மிளகை வேனில் ஏற்றிவிட வேண்டும், ஷிஃப்டுக்கு ஓட வேண்டும். கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். நான் சிரிக்க வேண்டும். சிரிக்கிறேன். பல்லுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அதனால் உங்களைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. மன்னிப்பு கேட்டு அழகாக எழுதாதீர்கள். இனிமேல் எழுதினால், அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். யாரோடு பேசினீர்கள், எதைக் கழற்றினீர்கள், எதை மாட்டினீர்கள். அது போதும்.

ஒரு தகவல். எங்கள் ஆஸ்பத்திரியில் புது டயாலிசிஸ் மையம் திறக்கப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக இருக்க ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். வேறு ஊர், ரயிலில் ஒரு முழு நாள் தூரம். ஆகஸ்டிலிருந்து ஜனவரிவரை. என்னைக் கேட்டார்கள். மிளகை யார் பார்ப்பது என்று சொல்லி மறுத்துவிட்டேன். உங்கள் அக்காவால் மூட்டுவலியோடு ஓடியாட முடியாது. எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

நான்.


மே 3

மிளகின் அம்மாவுக்கு,

நீ சொன்னபடி, என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு குடியிருப்புக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் மகளும். நானும் என்னோடு வேலை செய்பவரும் போனோம். இப்படி நடுவில் நின்றால் கதவைத் திறந்து ஆளை இழுக்கக் கூடாது. கால் தவறினால் கீழே பள்ளம். மொட்டைமாடியில் மோட்டார் அறை இருக்கும். அங்கே பிரேக்கைக் கையால் மெதுவாகத் தளர்த்தி, லிஃப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அந்த அறையின் சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிக்கொண்டு எங்கள் ஆள் ஓடினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

அந்தப் பெண் குழந்தை கத்திக்கொண்டிருந்தாள். மிளகின் வயசு இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். அம்மாவுக்கும் பயம். மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்றாள். காற்று வரும், லிஃப்ட் விழாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் சொன்னேன். கேட்கவில்லை. அப்புறம் குழந்தையிடம், பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வண்ணப் பென்சில் என்றாள். என்னென்ன நிறம் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு நிறத்துக்கு எனக்குச் சொல் தெரியவில்லை. நான் அதைத் தப்பாகச் சொன்னதும் உள்ளிருந்து சிரித்தாள். பிறகு நான் வேண்டுமென்றே எல்லா நிறத்தையும் தப்பாகச் சொன்னேன்.

நான் கொஞ்சம் நிறுத்தினால் உடனே கேட்பாள், இருக்கிறாயா என்று. இருக்கிறேன் என்பேன். போய்விடுவாயா என்பாள். மாட்டேன் என்பேன். வெகுநேரம் இதே பேச்சு.

லிஃப்ட் மாடிக்கு வந்து கதவைத் திறந்ததும் இருவரும் என்னைப் பார்க்காமலே படியில் இறங்கி ஓடிவிட்டார்கள். அது இயல்புதான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். ஏதோ ஒன்று வந்ததுபோல இருந்தது. பெரிதாக இல்லை, கால் மரத்துப்போய்த் திரும்ப உணர்வு வரும்போது குத்துமே, அந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

ஊரான் பிள்ளைக்காக வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குச் செய்ததை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

— நான்


மே 22

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது மிளகு வந்து, அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். லிஃப்ட் கதையை மட்டும் படித்துக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேனோ என்று இன்னும் தெரியவில்லை.

கவனமாகக் கேட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்றாள். தெரியாது என்றேன். எழுந்து போய்விட்டாள். நான் அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் தண்ணீர் சத்தம் இல்லை. கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து சொன்னாள். "அம்மா, அப்பாவுக்கு போன் போடு. நான் உள்ள மாட்டிக்கிட்டேன்னு சொல்லு."

"தாழ்ப்பாளைத் திற கண்ணு" என்றேன்.

"வெளியிலேர்ந்து அப்பா பேசினாதான் திறப்பேன்."

அங்கே உங்களுக்கு வேலை நேரம். போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்கள். அதைச் சொன்னேன். நான் கதவருகே உட்கார்ந்து, "நான் இருக்கேன்டி" என்றேன்.

"நீ எப்பவும்தான் இருக்க" என்றாள்.

பசி வந்ததும் அவளாகவே திறந்தாள். முகத்தில் அழுத தடம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாள், படம் வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது "ஆச்சு", "போகுது" என்றுதான் உங்களிடம் பேசினாள். நீங்களும் அதையேதான் பேசினீர்கள். நான் இதை அப்போது சொல்லவில்லை.

ஒரு ஊமைக் கோபம் எனக்கு. யார்மேல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், பயிற்சிக்கு நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் கிளம்ப வேண்டும். மிளகுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார்கள். அவள் அப்பா பார்த்துக்கொள்வார் என்றேன்.

இதை உங்களிடம் கேட்கவில்லை. சொல்கிறேன்.

நான்.


ஜூன் 10

மிளகின் அம்மாவுக்கு,

மேனேஜரிடம் பேசினேன். இந்த வருஷ லீவை எடுத்துவிட்டாய், வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டுப் போ என்கிறார். விட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

அது ஒரு பக்கம். இன்னொன்று, நீ இருக்கும்போதே அந்த வீட்டில் எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நீயும் இல்லாத வீட்டில் அவளும் நானும் மட்டும் என்ன செய்வோம்? அவளுக்கு என்ன பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு லீவில் வந்தபோதெல்லாம், ஒவ்வொரு தடவையும் அவள் வேறு வேறு ஆள் மாதிரி இருந்தாள்.

குளியலறை விஷயத்தைப் படித்தேன். அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலை செய்தேன். அந்தக் கதவுக்கு வெளியே நான் நிற்பதுபோலக் கற்பனை செய்துபார்த்தேன். அங்கே நின்று என்ன பேசுவேன் என்று தோன்றவே இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களிடம் பேசுவது சுலபம். கதவு திறந்ததும் போய்விடுவார்கள்.

நான் வந்து, அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் இருந்தால்? அவள் அதைத் தினமும் பார்க்க வேண்டுமா? அக்காவை நம் வீட்டுக்கே வந்து தங்கச் சொல்லேன். இல்லையென்றால் பக்கத்திலேயே அவருக்கு ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கலாம்.

யோசித்து எழுது.

— நான்


ஜூன் 29

மிளகின் அப்பாவுக்கு,

யோசித்து எழுதுகிறேன்.

உங்கள் அக்கா அழுதுவிட்டார். தன்னால் முடியாது என்பதற்காக அழுதாரா, உங்கள் சம்பளம் நிற்குமே என்று அழுதாரா என்று நான் கேட்கவில்லை. பயிற்சியின்போதும் எனக்குச் சம்பளம் உண்டு, சமாளித்துவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பயிற்சி நடக்கிற ஊரில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எனக்குத் தங்குமிடம் ஊரின் ஒரு கோடியில், பள்ளிக்கூடம் மறு கோடியில். இடம் இருக்கிறதாம். நீங்கள் வரவில்லையென்றால் அவளை அங்கே சேர்த்துவிட்டு, வாரம் ஒருநாள் போய்ப் பார்ப்பேன். நம் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கட்டில், மூன்று இடத்தில்.

இதை அவளிடம் பதமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மாலை நடக்கக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அழுவாள், அடம்பிடிப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது இதுதான்: "கட்டில் மேலயா, கீழயா?"

வேறு எதுவும் கேட்கவில்லை. கடையில் அழிப்பான் வாங்கித் தரச் சொன்னாள். வாங்கினோம். திரும்பி வந்தோம்.

இப்படி ஒன்றும் தோன்றாமல் போவது உங்களுக்கு நாற்பதை நெருங்கும்போது வந்தது. எனக்கு முப்பதைத் தாண்டி வந்தது. அவளுக்கு ஒன்பது வயது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, தோன்றவில்லை என்று அவள் யாரையும் கேட்கவில்லை. காலையில் வேன் வரும்போது வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். சாயங்காலம் வேன் வரும்போது அதே ஆள் நிற்க வேண்டும். நடுவில் எப்படியிருந்தாலும் சரி. சந்தோஷம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நின்றால் போதும்.

ஜூலை பாதிக்குள் பதில் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும்.

நான்.


ஜூலை 8

மிளகின் அம்மாவுக்கு,

வேலையை விட்டுவிட்டேன். மாசக் கடைசியில் வருகிறேன். விடுதியில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். டாக்சி எடுத்துக்கொள்கிறேன்.

மேஜைமேல் பெட்டியை வைக்க மாட்டேன் என்று மிளகிடம் சொல்.

— நான்


செப்டம்பர் 16

மிளகின் அம்மாவுக்கு,

இப்போது நான் வீட்டில், நீ விடுதியில். உன் விலாசத்தை உறைமேல் எழுதும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

போனில் சொல்லாததை எழுதுகிறேன். முதல் சில வாரங்கள் சுகமில்லை. அவளுக்கு நான் குடிவந்தவன் மாதிரி. நான் எதைத் தொட்டாலும் "அம்மா அப்படி வைக்க மாட்டாங்க" என்பாள். தோசைக்கரண்டி எங்கே, உப்பு எங்கே, எல்லாம் ஒரு சொல்லில் பதில். எனக்கும் முன்புபோலத்தான், உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் நீ சொன்னபடி வேனுக்கு நின்றேன். ஒருநாள் மழையில் வேன் தாமதம். குடையோடு நின்றேன். இறங்கியதும் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் நனைந்துகொண்டு பின்னால் போனேன். அவ்வளவுதான்.

உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. பகல் மட்டும். ஐந்துமாடி லிஃப்ட்தான். தூக்கமாக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மிளகின் தலையில் பேன். பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு அவமானம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சொல்லிவிட்டேன், நீ தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதே. பேன்சீப்பு வாங்கிவந்து, முற்றத்தில் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து வார ஆரம்பித்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது. "வலிக்குது, இழுக்காதீங்க, நீங்க என்ன கம்பியா இழுக்கறீங்க" என்று கத்தினாள். பிறகு எனக்குப் பழகிவிட்டது. நுணுக்கமான வேலை. பகுதி பகுதியாகப் பிரித்து, கிளிப் போட்டு, மோட்டார் பெட்டியைச் சுத்தம் செய்வதுபோல ஒரு மூலையும் விடாமல் எடுத்தேன். சாயங்காலம் முழுக்க ஆனது. ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் விழும்போது அவளே எட்டிப் பார்த்து, இது பெரிசு, இது குட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் எனக்கும் தலை அரித்தது. சொல்லக் கூச்சப்பட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"உனக்கும் இருக்கு. குனிப்பா" என்றாள்.

இதுவரை வாங்க, போங்கதான். முதல்முறை இப்படிக் கூப்பிட்டாள். குனிந்தேன். என் தலையைத் தன் முழங்காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாரினாள். கழுத்து வலித்தது. அசையாமல் இருந்தேன். வாரும்போது பள்ளிக்கூடக் கதை முழுவதும் வந்தது. பக்கத்தில் உட்காருகிறவள் திருடி என்பதுவரை. நான் "ம்" கொட்டினேன். "ம் மட்டும் சொல்லாத, ஏதாவது கேளு" என்றாள். கேட்டேன்.

உனக்கும் பேன் இருக்கலாம், பார்த்துக்கொள்.

— நான்


அக்டோபர் 19

மிளகின் அப்பாவுக்கு,

எனக்குப் பேன் இல்லை. பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த பெண், வீட்டிலிருந்தா என்றாள். ஆமாம் என்றேன். படித்து முடித்ததும் மடித்துப் பையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பிறகு சாயங்காலம்வரை வீட்டு நினைப்பே வரவில்லை. இதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

இங்கே வந்த முதல் வாரம் தவித்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். தூங்கினேன். யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரு அறையில், விளக்கை அணைக்கக்கூட இல்லாமல் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் "சாப்பிட்டாச்சா" என்பதற்குமேல் வாயில் எதுவும் வருவதில்லை. மிளகு பேன் விஷயத்தை மறைத்துக்கொண்டு என்னிடம் பேசியது எனக்குத் தெரியும். அவளுக்கு உங்களோடு ஒரு ரகசியம். என்னிடம் "ஆச்சு, போகுது." என் காதில் விழுந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டதுதான், ஆனாலும் ஒரு பக்கம் சுருக்கென்றது.

புது மெஷின்கள் நன்றாக இருக்கின்றன. கை பழகிவிட்டது. ஒரு பெரியவர் நான்தான் ஊசி போட வேண்டும் என்கிறார். அவருக்கு நான் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

அடுத்த மாதம் மூன்று நாள் விடுமுறை தருகிறார்கள். வருகிறேன். எனக்காக எதுவும் செய்யாதீர்கள். மிளகை முன்னால் தள்ளி "அம்மாவைக் கட்டிக்கோ" என்று சொல்லாதீர்கள். நான் போன பிறகும் அவளை எதுவும் கேட்காதீர்கள். நான் வந்து, சும்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நான்.


நவம்பர் 21

உனக்கு,

நீ ரயில் ஏறி ஒரு வாரம் ஆகிறது. போனில் சொல்ல முடியவில்லை, மிளகு பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்று நாளும் நீ சொன்னபடி நாங்கள் ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. நீ பெரும்பாலும் தூங்கினாய். எழுந்தபோது மிளகு உனக்கு அடுப்படியைச் சுற்றிக் காட்டினாள், டப்பாக்களை இடம் மாற்றியிருக்கிறோம் என்று. நீ தலையாட்டிக்கொண்டே பார்த்தாய். ஸ்டேஷனில் அவள் உன்னிடம் கையாட்டியதோடு சரி. வண்டி நகர்ந்ததும் பசிக்கிறது என்றாள். வாங்கிக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன். வழக்கம்போலத்தான் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அவள் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் கையிலிருந்த துணியோடு எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றேன். உன் பையை வாங்க.

வாசலில் எதிர்வீட்டுக்காரர். என் கையைப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அப்போதுதான் வலித்தது. நெஞ்சுக்குக் கீழே, விலாவுக்குள். முதலில் வாயு என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவில்லை. அங்கே அத்தனை வருஷம் இருந்தேனே, எந்தச் சத்தத்துக்கும் எழுந்து போய்க் கதவைத் திறந்ததில்லை. யாரும் வர மாட்டார்கள் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. இப்போது உடம்பு மறந்துவிட்டது போலிருக்கிறது.

மிளகு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வண்டி இல்லப்பா. அம்மாவுது நம்ம ஷெட்லதான் நிக்குது" என்றாள்.

"தெரியும். மறந்துட்டேன்."

"நானும் எழுந்து ஓடுவேன். கார் சத்தம் கேட்டா."

"யாருக்கு?"

"உனக்கு" என்றாள். "சின்னதுல. அப்புறம் விட்டுட்டேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன். அவளுக்குக் காட்டக் கூடாது என்றுகூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி என் மடியில் உட்கார்ந்தாள். கால் தரையில் கிடக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், மடியில் அடங்கவில்லை. அவளும் அழுதாள். "அம்மா வேணும்" என்றாள். எனக்கும் வேணும் என்றேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். துணியெல்லாம் கசங்கிவிட்டது.

இன்னும் வலிக்கிறது. நடுவில் விட்டு, பிறகு வருகிறது. டாக்டரிடம் போகப் போவதில்லை.

ஜனவரிவரை இருக்கிறது. நீ படித்து முடித்துவிட்டே வா. நாங்கள் ஸ்டேஷனுக்கு வருவோம்.

— நான்